கண்டிக்கும் உரிமை

“பதினாறு வயது மகன், மூத்த நண்பனிடம் பணம் கொடுத்து மது வாங்க முயன்றிருக்கிறான். நீங்களே கண்டியுங்கள், சாமி” என்றார் ஒரு தந்தை. மகனை அழைத்துக் கேட்டேன். “அப்பா குடிக்கச் சோடாவும் ஊறுகாயும் வாங்கி வருபவன் நான்தானே?” என்றான்.

புனித அகுஸ்தினார் தம் ‘ஒப்புதல்கள்’ நூலின் 9ஆம் பிரிவில், தம் தாய் மோனிக்காவின் இளமைக் குறையை மறைக்காமல் எழுதுகிறார். திராட்சை இரசம் மொண்டு வர அச்சிறுமியை அனுப்பியவர்கள் பெற்றோரே. முதலில் சிறிது சுவைத்தவர், நாளடைவில் கிண்ணம் நிறையப் பருகலானார். கண்டிப்பான மூதாட்டியின் காவலும் பயன்படவில்லை. வேலைக்காரப் பெண் சினந்து ‘குடிகாரி’ என்று இகழ்ந்தபோதுதான் வெட்கித் திருந்தினார். ஆயினும் அகுஸ்தினார் அந்த வசைச்சொல்லைப் போற்றவில்லை. குணமாக்கியவர் இறைவனே என்கிறார்.

தமிழகத்தில் 21 வயது நிரம்பாதோர்க்கு மது விற்கச் சட்டம் தடை விதிக்கிறது. அச்சட்டம் கடையோடு நின்றுவிடும். வீட்டினுள் காவல் பெற்றோரே.

அப்படியாயின், குடிக்கும் தந்தைக்கு மகனைக் கண்டிக்கும் உரிமை உண்டா? உண்டு. தம் குறையைக் காரணம் காட்டி எவரும் அக்கடமையிலிருந்து விலக இயலாது. ஆனால் அவரது கண்டிப்பு, “நானே தவறினேன், மகனே” என்னும் ஒப்புதலில் தொடங்க வேண்டும்.

இதைக் கேட்ட அத்தந்தை நெடுநேரம் பேசவில்லை. பின்பு, “அவனை நானே பார்த்துப் பேசுகிறேன், சாமி” என்று எழுந்தார்.