விடுவதா, வைப்பதா?

ஜெர்மன் வகுப்புக்குப் போகிற யாரையாவது பிடித்து, 'லஸ்ஸன் என்றால் தமிழில் என்ன?' என்று கேட்டுப் பாருங்கள். ஒரே வார்த்தையில் பதில் வராது. 'முழு வாக்கியத்தைச் சொல்லுங்க, அப்புறம் சொல்றேன்' என்பார். அவர் மேல் தப்பில்லை. ஜெர்மானியர்கள் நாள் முழுக்கப் புழங்குகிற வினைச்சொல் அது. ஆனால் இடத்துக்கு ஓர் அர்த்தம்.

'லஸ் தாஸ்!' என்று குழந்தையை அதட்டினால், 'சும்மா இரு, அதை விடு.' 'லஸ் உன்ஸ் கேயன்' என்றால், 'வா, போகலாம்.' குடையை பஸ்ஸில் மறந்துவிட்டு இறங்கினாலும் லஸ்ஸன்தான். சலூனில் உட்கார்ந்து முடி வெட்டிக்கொண்டாலும் லஸ்ஸன்தான். நண்பரை அரை மணி நேரம் காக்க வைத்தாலும் அதேதான். ஆங்கிலத்தில் இருக்கிற 'லெட்' இதற்கு ஒன்றுவிட்ட தம்பி. ஆனால் இத்தனை வேலை பார்க்காது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 'எர் லெஸ்ட் டென் யுங்கன் ஸிங்கன்' என்று ஒரு வாக்கியம். அவர் பையனைப் பாட விடுகிறார் என்றும் சொல்லலாம், பாட வைக்கிறார் என்றும் சொல்லலாம். பையன் ஆசைப்பட்டுப் பாடுகிறானா, அப்பாவின் மிரட்டலுக்குப் பாடுகிறானா? வினைச்சொல் வாயைத் திறக்காது. முன்னே பின்னே என்ன நடந்தது என்று பார்த்து நாமே புரிந்துகொள்ள வேண்டும்.

தமிழில் அந்தச் சௌகரியம் கிடையாது. 'விடு' வேறு, 'வை' வேறு. அழ விட்டான் என்றால் அவன் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தான். அழ வைத்தான் என்றால் காரணமே அவன்தான். வாயைத் திறக்கும்போதே எந்தப் பக்கம் என்று நாம் முடிவு பண்ணியாக வேண்டும்.

அப்படியானால் தமிழ் நேர்மையான மொழி, ஜெர்மன் மழுப்பல் மொழி என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாமா? அவசரப்படாதீர்கள். 'நான் வீடு கட்டினேன்' என்கிறோம். ஒரு செங்கல்லைக்கூட நாம் தொட்டிருக்க மாட்டோம். ஜெர்மன்காரர் அந்த இடத்தில் பெரும்பாலும் லஸ்ஸனைச் சேர்த்து, 'கட்டச் செய்தேன்' என்றுதான் சொல்வார். நம்மிலும் பழைய ஆட்கள் கவனமாக இருந்திருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் 'நாம் எடுத்த' என்று போட்டுக்கொள்ளவில்லை. 'நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி' என்றுதான் இருக்கிறது. எடுத்தவர்கள் வேறு, எடுப்பித்தவன் நான்.

சரி, இலக்கணம் போதும். விஷயத்துக்கு வருகிறேன்.

'நான் ஒன்றும் செய்யவில்லை, சும்மாதான் இருந்தேன்' என்பது உலகத்தில் எல்லோரும் சொல்கிற சமாதானம். செய்தால்தானே பாவம், விட்டதற்கு என்ன பாவம்? லஸ்ஸன் என்ற வார்த்தை இந்தச் சமாதானத்தை அவ்வளவு சுலபமாக ஏற்றுக்கொள்வதில்லை. செய்ய வைத்தவனையும் நடக்க விட்டவனையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்துவிடுகிறது. ஜெர்மனியில் நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன். நீங்களே பாருங்கள்.

முதலாவது, எஸ்ஸன் நகரம், அக்டோபர் 2016. விடுமுறை நாள். ஒரு வங்கியின் ஏடிஎம் இருக்கிற முன்கூடத்தில், எண்பது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் மயங்கி விழுந்து கிடக்கிறார். ஒருவர் வருகிறார், அவரைத் தாண்டிப் போய்ப் பணம் எடுக்கிறார், போகிறார். அடுத்தவரும் அப்படியே. இப்படி நாலு பேர். ஐந்தாவதாக வந்தவர்தான் போன் போட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். பெரியவர் சில நாள் கழித்து ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். எல்லாம் கேமராவில் பதிவாகியிருந்தது.

ஆபத்தில் இருப்பவருக்கு உதவாமல் போவது ஜெர்மனியில் குற்றம். ஓராண்டு வரை சிறைகூட உண்டு. அந்தக் குற்றத்தின் பெயரிலேயே லஸ்ஸன் இருக்கிறது: 'உன்டர்லஸ்ஸன்', செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவது. 2017 செப்டம்பரில் மூன்று பேருக்கு 2,400 முதல் 3,600 யூரோ வரை அபராதம் விதித்தார்கள். 'வீடில்லாத யாரோ தூங்குகிறார் என்று நினைத்தோம்' என்பது அவர்கள் சொன்ன காரணம். உடனே உதவியிருந்தாலும் பெரியவர் பிழைத்திருக்க மாட்டார் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். நீதிமன்றம் அதற்காக அவர்களை விட்டுவிடவில்லை. பிழைப்பாரா மாட்டாரா என்பது கேள்வியே இல்லை. குனிந்து பார்த்தீர்களா என்பதுதான் கேள்வி.

இரண்டாவது, ஃபுல்டா என்ற ஊரில் நடந்த வழக்கு. ஒரு தாய்க்கு 2002-ல் மூளையில் ரத்தக்கசிவு. அதன் பிறகு நினைவு திரும்பவே இல்லை. ஐந்து வருடத்துக்கும் மேலாகப் பராமரிப்பு இல்லத்தில், வயிற்றில் குழாய் வழியாக உணவு. நன்றாக இருந்த காலத்தில் அவர் மகளிடம் சொல்லியிருந்தார்: 'எனக்கு இப்படி ஏதாவது ஆனால் குழாய் போட்டு இழுத்துக்கொண்டிருக்காதீர்கள்.' 2007 டிசம்பரில் பிள்ளைகள் குழாய் வழி உணவை நிறுத்தினார்கள். இல்லத்தை நடத்திய நிர்வாகம் குறுக்கே வந்தது. வழக்கறிஞர் போனில் யோசனை சொல்ல, மகள் குழாயை வெட்டினார். புதுக் குழாய் பொருத்தினார்கள். இரண்டு வாரத்தில் அந்த அம்மா இயற்கையாகவே இறந்தார்.

வழக்கு வந்தது. கீழ்க்கோர்ட் மகளை விடுவித்து, வழக்கறிஞருக்கு ஒன்பது மாதத் தண்டனை கொடுத்து நிறுத்தி வைத்தது. காரணம்? உணவைக் கொடுக்காமல் நிறுத்துவது 'ஷ்டெர்பன் லஸ்ஸன்', சாக விடுவது. ஆனால் கத்தரியை எடுத்து வெட்டுவது செயல். கை செய்த வேலை. செய்தால் குற்றம், விட்டால் குற்றமில்லை என்கிற அதே பழைய கணக்கு.

2010 ஜூன் 25 அன்று ஜெர்மனியின் உச்ச குற்றவியல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. சிகிச்சையை நிறுத்துவதில் கை அசைந்ததா, அசையவில்லையா என்று அளந்துகொண்டிருக்க முடியாது; நோயாளி என்ன விரும்பினார் என்பதே முக்கியம் என்றது. அதே சமயம், சிகிச்சையோடு சம்பந்தமில்லாமல் உயிரைப் பறிப்பதற்கு இதில் இடமில்லை என்றும் தெளிவாகச் சொன்னது.

இரண்டிலும் வேலை செய்கிற வினைச்சொல் ஒன்றுதான். கிடந்தவரைக் கிடக்க விட்டார்கள், குற்றம். போக விரும்பியவரைப் போக விட்டார்கள், குற்றமில்லை. ஆக, 'விடுவது' சரியா தப்பா என்ற கேள்விக்கு வினைச்சொல்லில் பதில் தேடிப் பிரயோஜனமில்லை. வங்கியில் கிடந்தவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்தத் தாயின் வார்த்தையை மகள் காதில் வாங்கியிருந்தார். வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அதுதான் எல்லாமே.

இது ஏதோ ஜெர்மனி சமாசாரம் என்று தள்ளிவிடாதீர்கள். நம் ஊர் ஐசியூ வாசலில் ராத்திரி பதினோரு மணிக்கு டாக்டர் வெளியே வந்து, 'வென்டிலேட்டரைத் தொடரலாமா, என்ன சொல்றீங்க?' என்று கேட்கும்போது, அண்ணன் தம்பிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். அப்பா என்ன நினைத்திருப்பார் என்று ஒருத்தருக்கும் தெரியாது. தொடர்ந்தால் 'கஷ்டப்பட வச்சுட்டோம்', நிறுத்தினால் 'சாக விட்டுட்டோம்'. தமிழில் இரண்டு வினைச்சொல், இரண்டிலும் குத்தல். எது செய்தாலும் வருஷக்கணக்கில் மனசு அரித்துக்கொண்டே இருக்கும்.

இதற்கு மருந்து ஐசியூ வாசலில் கிடையாது. அதற்குப் பல வருடம் முன்னால், அப்பா ஈஸிசேரில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் நாளில் இருக்கிறது. நம் உச்ச நீதிமன்றமும் 2018-ல், தனக்கு எந்த மாதிரி சிகிச்சை வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்று அனுமதித்தது. 2023-ல் அந்த நடைமுறையைக் கொஞ்சம் எளிதாக்கியது. எழுதுவது அப்புறம். முதலில் பேச வேண்டும். 'அபசகுனமா பேசாதே' என்பார்கள். பரவாயில்லை, இன்னொரு நாள் கேளுங்கள்.

லஸ்ஸன் குடும்பத்தில் இன்னொரு சொல்லும் உண்டு: ஃபெர்லஸ்ஸன். கைவிட்டுப் போவது என்று அர்த்தம். அதோடு 'தன்னை' என்கிற சின்னச் சொல்லையும் 'மேல்' என்பதையும் சேர்த்தால், ஒருவரை நம்பித் தன்னை ஒப்படைப்பது என்று அர்த்தமே திரும்பிவிடும். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், யாரை நம்பியிருக்கிறார்கள்? இந்த ஞாயிற்றுக்கிழமை காபி குடிக்கும்போது கேட்டுவிடுங்கள். உங்களைப் பற்றியும் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.