ஐந்தாம் வேற்றுமை

செய்தித்தாளின் தலைப்பைப் படித்ததும் நமக்கு உண்டாகிற முதல் உணர்ச்சி பெரும்பாலும் நம்முடையதல்ல. தலைப்பு எழுதியவர் நமக்காகத் தயாரித்து வைத்தது அது. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஐந்தாறு சொற்களில் விஷயத்தை முடிக்க வேண்டியவர், யாருக்குச் சொல்கிறோம் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளத்தானே வேண்டும்?

2020 நவம்பர் 21-ஆம் தேதி, கும்மிடிப்பூண்டி பக்கத்துக் கண்ணன்கோட்டை - தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கத்தை, சென்னையில் நடந்த விழாவில் உள்துறை அமைச்சர் அமித் ஷா நாட்டுக்கு அர்ப்பணித்தார். செலவு 380 கோடி ரூபாய். கொள்ளளவு அரை டி.எம்.சி. செய்திகளின் சாரம் ஒன்றுதான்: சென்னைக்கு ஐந்தாவது ஏரி!

படித்தவுடன் எனக்கு மகிழ்ச்சி. அது போலி மகிழ்ச்சியும் இல்லை. முந்தைய ஆண்டுக் கோடையில் பூண்டி, புழல், சோழவரம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அதை மறக்க முடியுமா? லாரிக்காகக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு நடுநிசியில் காவல் இருந்தவர்களுக்கு, அந்தத் தலைப்பே ஒரு வாய் தண்ணீர் குடித்தது போல இருந்திருக்கும்.

ஆனாலும் 'சென்னைக்கு' என்ற சொல்லில் என் கண் நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்தில் படித்த இலக்கணம் சில சமயம் அழையாத விருந்தாளியாக வந்து உட்கார்ந்துகொள்ளும். 'கு' நான்காம் வேற்றுமை உருபு. கொடைப் பொருளில் வரும். கொடை என்றால் கொடுத்தவர் என்று ஒருவர் இருக்க வேண்டுமல்லவா? அதைக் கேட்பதற்கு ஐந்தாம் வேற்றுமை இருக்கிறது. அதன் பொருள்களில் ஒன்று நீங்கல். எதிலிருந்து நீங்கியது? யாரிடமிருந்து நீங்கியது? தலைப்புகளுக்கு இந்த வேற்றுமை மட்டும் ஒத்துக்கொள்வதில்லை போலும்!

அந்தப் புதிய நீர்த்தேக்கம் வெறும் காட்டில் தோண்டியதல்ல. கண்ணன்கோட்டை ஏரி, தேர்வாய் கண்டிகை ஏரி என்று இரண்டு ஊர் ஏரிகளைச் சேர்த்து, சுற்றியிருந்த நிலங்களையும் எடுத்து உண்டாக்கியது. பட்டா வைத்திருந்தவர்களிடம் விலையாவது பேச முடிந்தது.

பட்டாவே இல்லாதவர்களின் கதை அதற்கும் முந்தியது. அதே தேர்வாய் கண்டிகையில் சிப்காட் தொழிற்பூங்காவுக்கென்று 1,127 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. 2009-இல் பிரான்ஸ் தேசத்து மிஷ்லின் டயர் கம்பெனி அங்கே தொழிற்சாலை கட்ட ஒப்பந்தமாயிற்று. தமிழகத்துக்கு 4,000 கோடி முதலீடு! மறுபடியும் அதே 'கு'. அந்த நிலமோ மேய்ச்சல் நிலம். பெரும்பாலும் தலித் மக்கள் வாழும் ஊர். ஆடு மாடு மேய்ந்தது அங்கே. அடுப்புக்குச் சுள்ளி வந்தது அங்கிருந்து. மழைநீர் வழிந்து ஏரிக்கு இறங்கியதும் அங்கிருந்துதான். ஆனால் 'மேய்க்கால் புறம்போக்கு' என்பது சர்க்கார் நிலம். எல்லோருக்கும் சொந்தமாக இருந்தது. அதனாலேயே, போகிறபோது யாருக்கும் நஷ்டமில்லை என்று ஆகிவிட்டது!

ஊரார் எதிர்த்தார்கள். வழக்கு, மறியல், கைது எல்லாம் நடந்தன. 2012-இல் இங்குள்ள அமைப்புகளும் பிரான்ஸின் சி.ஜி.டி. தொழிற்சங்கம் முதலியவையும் சேர்ந்து, பன்னாட்டுக் கம்பெனிகளுக்கான நெறிமுறைகளைக் கவனிக்கும் பாரிஸ் அலுவலகத்தில் முறையிட்டார்கள். மறு ஆண்டு செப்டம்பரில் முறையீட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஓர் ஊரின் ஆட்டு மந்தை பாரிஸ் வரை போய்த் திரும்பிய கதை இது. தலைப்பில் இடம் கிடைக்கக்கூடிய விஷயந்தான். ஆனால் இதில் 'நமக்கு' எதுவும் வரவில்லையே!

'அப்படியானால் ஏரியும் வேண்டாம், ஆலையும் வேண்டாம் என்கிறீரா?' என்று கேட்பீர்கள். இல்லை. டயர் ஆலை ஓடுகிறது. வேலை பெற்றவர்களும் இருக்கிறார்கள். அரை டி.எம்.சி. என்பது சென்னையின் தாகத்துக்குச் சுமார் பதினைந்து நாள் கணக்கு. வறண்ட கோடையில் அது சிறிய விஷயமல்ல. தலைப்பைப் படித்து மகிழ்ந்ததற்காக நான் வெட்கப்படவும் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 'கிராம மக்கள் கண்ணீர்' என்ற ரகத் தலைப்புகளும் உண்டு. அவையும் தயாரித்துக் கொடுத்த உணர்ச்சிதான். காப்பியோடு கொஞ்சம் இரக்கத்தையும் சேர்த்துக் குடித்துவிட்டு ஆபீசுக்குப் புறப்படுகிறோம். இரக்கப்படுவதில் ஒரு சுகம் இருக்கிறது. அதற்குச் செலவே இல்லை. அந்த இரக்கத்தைக் காட்டிலும் கணக்குக் கேட்பது மேல் என்பது என் அபிப்பிராயம். பட்டா உள்ளவனுக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று சர்க்காரிடம் ஒரு விகிதம் இருக்கிறது. மூன்று ஆடுகளை ஓட்டிக்கொண்டு காலையில் போய், மாலையில் தலையில் சுள்ளிக்கட்டோடு திரும்புகிற ஒரு கிழவிக்கு, அந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் என்ன தொகை எழுதுவார்கள்?