நூற்றொன்றாவது பிழை

“கோர்ட்டுல விட்டுட்டாங்க.” ஜாசின், அலோர் காஜா, மஸ்ஜித் தானா பக்கம் ஒரு பையன் கேஸ் முடிந்து வீட்டுக்கு வந்தால் தாமான் முழுக்க இதுதான் பேச்சு. அம்மா கோயிலில் அர்ச்சனை செய்துவிடுவார். ஆனால் உண்மையிலேயே விட்டுவிட்டார்களா?

நான் சட்டம் படிப்பவன் இல்லை, பொறியியல் மாணவன். இருந்தாலும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 294ஆவது பிரிவை நாம் எல்லாருமே தெரிந்து வைத்திருக்க வேண்டும். முதல் முறை தவறு செய்தவரின் வயது, குணம், சூழ்நிலை ஆகியவற்றைப் பார்த்து, உடனே தண்டிக்காமல் நன்னடத்தை ஜாமீனில் அனுப்ப இந்தப் பிரிவு இடம் தருகிறது. எல்லாக் குற்றங்களுக்கும் இது கிடைக்காது. இதில் குற்றம் நிரூபணமாகிவிட்டது. தண்டனை மட்டும் இன்னும் சொல்லப்படவில்லை. நிபந்தனையை மீறினால் வாரண்டு வரும், அந்தப் பழைய குற்றத்துக்கே தண்டனை விதிக்கப்படலாம்.

பரோல் வேறு. 2008-இல் சிறைச்சாலைச் சட்டத்தைத் திருத்தி அதைக் கொண்டுவந்தார்கள். அங்கே தண்டனை ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. அதன் ஒரு பகுதியைக் கண்காணிப்பில் வெளியே கழிக்கிறார்கள். பரோல் ரத்தானால் மீண்டும் சிறைதான்.

மகாபாரதத்தில் சிசுபாலனின் தாய் கண்ணனுக்கு அத்தை. மகனுக்காக அவள் கெஞ்சிக் கேட்டதால் நூறு பிழைகள் வரை பொறுப்பதாகக் கண்ணன் வாக்குக் கொடுத்தார். தருமரின் ராஜசூய யாகத்தில் அவன் எல்லை மீறியபோது சக்கரம் புறப்பட்டது. கடைசியாகப் பேசிய பேச்சுக்கு மட்டுமா அந்தத் தண்டனை? இல்லை. பொறுத்து வைத்திருந்த அத்தனையும் அன்று கணக்குக்கு வந்தது.

இதைக் கேட்டதும் நம்மில் பலர் சொல்வது, “சான்ஸ் கொடுத்தும் கெடுத்துக்கிட்டான், அவன் கர்மா, அனுபவிக்கட்டும்.” இதில் பாதி நியாயம் இருக்கிறது. சங்கிலியைப் பறிகொடுத்த பாட்டி ஒருவர் இருக்கிறார். பையனுக்குக் கிடைத்த கருணையில் அவருடைய பொறுமையும் கலந்திருக்கிறது. அவன் மறுபடியும் இன்னொரு பாட்டியிடம் கை வைத்தால் அதைச் சின்ன விஷயம் என்று சொல்ல முடியாது.

ஆனால் எல்லா மீறலும் ஒன்றா? மறுபடியும் திருடுவது வேறு. வேலையில் லீவு கிடைக்காமல், பஸ்ஸும் இல்லாமல், குறித்த நாளில் ஆபீசில் போய்க் கையெழுத்துப் போடாமல் விடுவது வேறு. இந்தியாவின் 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டம் இந்த வித்தியாசத்துக்கு இடம் விட்டிருக்கிறது. முதல் முறை மீறினால் பழைய குற்றத்துக்குத் தண்டிக்கலாம். அல்லது 50 ரூபாய்க்கு மேற்போகாத அபராதம் போட்டு ஜாமீனைத் தொடர விடலாம். ‘மீறினானா’ என்பதோடு ‘ஏன் மீறினான்’ என்றும் நீதிபதி கேட்க வேண்டியிருக்கிறது.

நாமும் அதைத்தான் கேட்க வேண்டும். சிசுபாலன் கதையில் பிழைகளை எண்ணியவர் இருக்கிறார். ஐம்பதாவது பிழையிலாவது தோளில் கைபோட்டு, “போதும்டா” என்று சொன்னவர் யாரும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. நம் நாட்டில் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கான 2001ஆம் ஆண்டு குழந்தைகள் சட்டம் அப்படி ஒருவரைத் தேடுகிறது. நன்னடத்தைக் காலத்தில் பெகாவாய் அக்லாக் ஒருவர் கண்காணிப்பார். பெற்றோரும் ஜாமீன் எழுதிக் கொடுக்க வேண்டி வரலாம்.

முன்பு தோட்ட லயத்தில் ஒரு பையன் வழிமாறினால் பக்கத்து வீட்டு அத்தைக்கே முதலில் தெரிந்துவிடும். கோயில் தலைவர் கூப்பிட்டுக் கண்டிப்பார். தாமானுக்கு வந்தபிறகு அவரவர் கேட், அவரவர் பூட்டு. கேஸ் உள்ள பையன் என்றால் உறுமி மேளக் குழுவில்கூடச் சேர்க்கத் தயங்குகிறோம். பிறகு அவனைச் சேர்த்துக்கொள்ள யார் மிச்சம்? அவனைக் கெடுத்த அதே கூட்டம்தான்.

அவன் செய்தது அவன் கர்மா என்பது சரி. அவன் ஜாமீனில் இருந்த மாதங்களில் நாம் செய்யாமல் விட்டது யாருடைய கர்மா? கையெழுத்துப் போட வேண்டிய நாளில் மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போவதும், வெள்ளிக்கிழமை பஜனைக்குக் கூப்பிடுவதும், தெரிந்த வொர்க்‌ஷாப்பில் ஒரு வேலை கேட்டு வைப்பதும் நம் கிளை இளைஞர்களால் முடியாததா? இவ்வளவும் செய்தும் அவன் மீறலாம். அப்போது நீதிமன்றம் தன் வேலையைச் செய்யட்டும். அதற்கு முன் நம் வேலையை நாம் செய்திருக்க வேண்டும்.