மௌனத்தின் பொறுப்பு

குளிர்காலத்தில் அல்ப்ஸ் மலைகளிலும் அமெரிக்காவின் மேற்கு மலைகளிலும் நண்பர் நால்வர் ஐவர் கூடி, விடியுமுன் நெற்றி விளக்குடன் புறப்பட்டுப் பனிச் சிகரம் ஒன்றில் ஏறி, பின் சறுக்குப் பலகைகளில் இறங்கிவரும் ஒருவகைப் பயணம் உண்டு. மின்தூக்கி இல்லை; செப்பனிட்ட பாதை இல்லை. பலகையின் அடியில் ஒரு பட்டையை ஒட்டிக்கொள்வர். முற்காலத்தில் அது கடல்நாயின் தோல்; இன்று நைலோன் அல்லது அங்கோரா ஆட்டின் உரோமம். அதன் மயிர் ஒரே திசையில் படிந்திருப்பதால் பலகை முன்னே வழுக்கும், பின்னே வழுக்காது. நாலைந்து மணி நேரம் மூச்சிரைக்க ஏறி, உச்சியில் பட்டையை உரித்துப் பையில் வைத்துக்கொண்டு, எவர் காலும் படாத வெண்பனியில் அரை மணியில் இறங்கிவிடுவர். அந்த அரை மணிக்காகவே அவ்வளவு பாடும்.

இதில் நமக்கென்ன என்று வாசகர் கேட்கலாம். பனியையே காணாத நாட்டில் வாழ்கிறோம். வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு ஒன்று நமது சிந்தனைக்கு உரியதாகுமா? நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆயினும் இப்பயணத்தில் ஒவ்வொருவரும் சுமந்து செல்லும் பொருள்களைப் பற்றி அறிந்தபோது என் எண்ணம் மாறிற்று.

மார்பில் ஓர் அலைக்கருவி. 457 கிலோஹேர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஓயாது வானொலி அலை அனுப்பிக்கொண்டிருப்பது. பையில் மடக்கி நீட்டக்கூடிய நீண்ட கோல் ஒன்று, சிறிய சவள் ஒன்று. பனிச்சரிவில் ஒருவர் புதைந்தால், மற்றையோர் தம் கருவிகளைக் கேட்கும் நிலைக்கு மாற்றி, ஒலியைத் தொடர்ந்து சென்று, கோலாற் குத்திப் பார்த்து, சவளால் தோண்டி எடுக்கவேண்டும். புதையுண்டவர் முதற் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் வெளியே எடுக்கப்பட்டாற் பெரும்பாலும் பிழைப்பார். அரை மணி கடந்தால் பிழைப்போர் மூவரில் ஒருவரளவே. கீழே ஊரிலிருந்து மீட்புப் படை வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். என் பையிலுள்ள சவள் எனக்குப் பயன்படாது. அது என் நண்பனுக்கு உரியது. என் உயிர் அவன் பையில் இருக்கிறது. கூட்டு வாழ்வு என்று நாம் மேடையிற் பேசுவதை இவர்கள் முதுகிற் சுமக்கிறார்கள்.

ஆனால் பனிச்சரிவில் அகப்படுவோரிற் பத்தில் ஒன்பது பேரளவில், தம்மாலோ தம் குழுவினர் ஒருவராலோ கிளப்பப்பட்ட சரிவிலேயே அகப்படுகின்றனர். பருவத்தின் தொடக்கத்தில் விழுந்த பனி சீனியைப் போல உதிரியாகக் கிடக்க, அதன்மேற் புதுப்பனி இறுகிய பாளமாகப் படிகிறது. முப்பது முதல் நாற்பத்தைந்து பாகை வரையான சாய்விலே மனிதர் ஒருவரின் பாரம் ஏறியதும் கீழ்ப்படை நொறுங்குகிறது. பாளம் முழுவதும் கழன்று விடுகிறது. அபாயத்தை ஐந்து படிகளாக வகுத்து நாள்தோறும் அறிவிக்கின்றனர். நான்காம் ஐந்தாம் படிகளில் அல்ல, மூன்றாம் படி நாள்களிலேயே அதிகமானோர் இறக்கின்றனர். அஞ்சத் தக்கதென்றும் தெளிவில்லை, துணியத் தக்கதென்றும் தெளிவில்லை என்ற நாள்கள் அவை. அத்தகைய நாளில் யார் முடிவு செய்வது?

2012 பெப்ரவரி 19ஆந் திகதி வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்டீவன்ஸ் கணவாய்க்கு அருகே டனல் கிறீக் என்னும் சரிவில் நடந்தது இக்கேள்வியை நம்முன் வைக்கிறது. பட்டை ஒட்டி நாள் முழுவதும் ஏறிய பயணம் அன்று அது. மின்தூக்கியிற் சென்று, எல்லைக்கு அப்பால் நடந்து இறங்கியது. ஆயினும் மலை அதே மலை, அபாயமும் அதே அபாயம். சென்றோர் ஏறத்தாழப் பதினாறு பேர். அனைவரும் தேர்ந்தவர்கள்: அந்தச் சரிவைப் பல்லாண்டு அறிந்த உள்ளூரார், தொழின்முறைச் சறுக்கு வீரர், இத்துறையைப் பற்றி எழுதும் பத்திரிகையாளர். சரிவு கழன்றது, மூவர் மாண்டனர். அதே ஆண்டு டிசெம்பரில் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையில் ஜோன் பிராஞ்ச் இதைப் பற்றி மிக நீண்ட கட்டுரை ஒன்று எழுதினார். பிழைத்தோர் அதிற் கூறியவற்றுள் என்னை உறுத்தியது ஒன்று. கூட்டம் பெரிதாகிவிட்டதே, இது சரியல்லவே என்று ஒருவர்க்கு மேற்பட்டோர் தத்தம் மனத்துள் எண்ணியிருக்கின்றனர். அவர்கள் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. இவ்வளவு அறிந்தவர்கள் இருக்கும்போது நாம் சொல்வதா என்று ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்த்தனர். மற்றவரும் பேசாதிருந்தமையால் ஐயம் தமக்கு மட்டுமே உரியதென நம்பினர்.

இறந்தோரைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. மௌனமாய் இருந்தோரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கில்லை. எத்தனையோ ஆசிரியர் கூட்டங்களில், தவறென்று நான் அறிந்த தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறியதாகக் குறிப்பேட்டில் எழுதப்பட்டதைக் கண்டிருக்கிறேன். அந்த ஏகமனதில் என் மனமும் ஒன்று.

வளர்ந்தவர்கள்தாமே, தத்தம் உயிர்க்குத் தாமே பொறுப்பு என்பார் உளர். தனிமனித சுதந்திரம் பேசுவோரின் வழக்கமான விடை இது. ஆனால் பனிப்பாளம் அந்தத் தத்துவத்தை ஏற்பதில்லை. மேலே நிற்பவனின் பாரம் கழற்றிய பனி கீழே நிற்பவனைப் புதைக்கிறது. புதைந்தவனைத் தோண்டப் போகிறவனும் அதே சரிவின் கீழ் நிற்கவேண்டியவன். தலைவனே பொறுப்பு என்பது இன்னொரு விடை. நண்பர் குழுவில் தலைவன் யார்? அதிகம் அறிந்தவன் முன்னே நடக்கிறான், மற்றையோர் அவன் தடத்தில் நடக்கின்றனர்; அவனோ, எவரும் மறுக்காததால் எல்லாரும் உடன்பட்டதாக எண்ணுகிறான். இயன் மக்கமன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் எழுநூறுக்கு மேற்பட்ட பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்து 2004இல் எழுதியவற்றுள் ஒன்று இங்கு நினைக்கத் தக்கது. பயிற்சி மிகுந்த குழுக்கள், தமக்குப் பழகிய இடத்தில், பயிற்சி குறைந்தோரைப் போலவே ஆபத்தை மேற்கொண்டன. சென்ற வாரம் இதே சரிவில் ஒன்றும் நேரவில்லை என்பதே அவர்களுக்குச் சான்றாயிற்று. மலை மிக மோசமான ஆசிரியன். தவறான விடைக்கும் பலமுறை புள்ளி கொடுத்துவிடுகிறது.

இனி வேறொரு மலைச்சாய்வைப் பார்ப்போம். 1965 ஓகஸ்ட் 30ஆந் திகதி சுவிற்சர்லாந்தின் வலே மாநிலத்தில், மாற்மார்க் அணைக்கட்டு வேலைத்தலத்தின் மேல் அலலின் பனியாற்றின் நுனி உடைந்து விழுந்தது. எண்பத்தெட்டுத் தொழிலாளர் மாண்டனர். அவர்களில் ஐம்பத்தாறு பேர் பிழைப்புத் தேடி வந்த இத்தாலியர். தொழிலாளரின் கொட்டகைகளும் உணவுச்சாலையும் பனியாற்றின் நேர் கீழே அமைக்கப்பட்டிருந்தன. அங்கே கட்டலாமா என்று தொழிலாளரை எவரும் கேட்கவில்லை. 1972இல் குற்றஞ்சாட்டப்பட்ட பதினேழு பேரும் விடுதலையாயினர்; மேன்முறையீடு செய்த குடும்பத்தினர் வழக்குச் செலவிற் பாதியைக் கட்டவேண்டும் என்றும் தீர்ப்பாயிற்று.

அங்கே பேசும் உரிமையே இருக்கவில்லை. உழைப்பவனுக்கு அந்த உரிமை வேண்டும் என்பதற்காகவே நம்மவர் போராடி வந்திருக்கின்றனர், இன்னும் போராடவேண்டும். ஆனால் டனல் கிறீக்கிலே எசமானன் இல்லை, கூலி இல்லை, வேலை பறிபோகும் என்ற பயம் இல்லை, சமமானவர்கள், நண்பர்கள். உரிமை முழுவதும் கையில் இருந்தும் நாக்கு எழவில்லை. அதிகாரத்தை நீக்கிவிட்டால் உண்மை தானே வெளிவரும் என்று நாம் எண்ணுவது அவ்வளவு எளிதன்று போலும். நட்பும் ஒருவகை அதிகாரமாகலாம். கோழை என்ற பெயர், நாளைக்கெடுத்தவன் என்ற பெயர், அடுத்தமுறை அழைக்கப்படாமல் விடப்படுதல் ஆகியவை அதன் தண்டனைகள்.

இதை உணர்ந்தே இன்று பனிச்சரிவுப் பயிற்சி வகுப்புகளில் ஒரு விதி கற்பிக்கின்றனர். குழுவில் எவரேனும் ஒருவர் வேண்டாம் என்றால், காரணம் கேளாது, கேலி செய்யாது, திரும்பிவிடவேண்டும். பெரும்பான்மை வாக்கெடுப்பு அங்கே இல்லை. அனுபவம் குறைந்தவரை முதலிற் பேசவிடவேண்டும் என்றும் சிலர் வற்புறுத்துவர். மூத்தவர் பேசியபின் இளையவர் வாயில் வேறு சொல் வராது என்பது நமது வகுப்பறைகளிலும் கண்டதுதான். இவ்விதியைக் காலையில், அடிவாரத்தில், அச்சமோ ஆசையோ எழுமுன் ஒப்புக்கொள்ளவேண்டும். நெஞ்சுரம் உள்ளவர் பேசுவார் என்று அதனை அவரவர் குணத்திற்கு விட்டுவிடாமல், கூட்டத்தின் வழக்கமாகவே ஆக்கிவிடுவது இந்த ஏற்பாடு.

ஆயினும் இதில் தீராத இடர் ஒன்று உண்டு. வேண்டாம் என்றவன் சொன்னது சரியென்று பெரும்பாலும் நிறுவப்படுவதில்லை. அவர்கள் திரும்பிவிட்டமையாற் பனி கழலவில்லை. திரும்பாது சென்றிருந்தாலும் கழலாமலே இருந்திருக்கலாம். மூன்றாம் படி நாளில் அநேகமாக அப்படித்தான். நால்வரும் வாரமெல்லாம் காத்திருந்த ஒரு நாளை அவன் ஒரு சொல்லால் இல்லாமற் செய்துவிட்டான். அடிவாரத்துத் தேநீர்க் கடையின் சாளரத்தருகே அமர்ந்து நனைந்த பட்டைகளை உலர்த்துகின்றனர். எதிரே அந்தச் சாய்வு வெயிலில் மாசுமறுவின்றி வெண்மையாய் அப்படியே நிற்கிறது. வேறொரு குழு அதிலே இறங்கிச் சிரித்தபடி வருகிறது. எவரும் அவனைக் குறைசொல்லவில்லை. அவனுக்கு முன்னே இருந்த கோப்பையை ஒருவன் மெல்ல அவன்பக்கம் தள்ளுகிறான்.