விலகியோர் கோழைகளா?

கற்கத் தொடங்கிய தொழிலை இடையிற் கைவிடுவோனைக் கோழையென்று உலகம் எளிதிற் கூறிவிடுகின்றது. இக்கூற்று நீதியாமோ? அமெரிக்காவில் சத்திர சிகிச்சை பயிலும் இளம் மருத்துவர்களின் நிலையை நாம் நோக்குவோம்.

பொதுச் சத்திர சிகிச்சைப் பயிற்சி அங்கே குறைந்தது 5 ஆண்டு. 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, அதிற் சேர்வோருள் நூற்றுக்குப் 18 பேர் இடையில் விலகுகின்றனர். திறமையின்மையோ காரணம்? அன்று, தம் வாழ்வு தம் வசமில்லாமையே பெரிதும் கூறப்பட்ட காரணம். விலகியோரும் மருத்துவத்தைத் துறந்தாரல்லர். சிலர் வேறிடத்தில் அப்பயிற்சியையே தொடர்ந்தனர்; சிலர் மயக்க மருந்துத் துறை புகுந்தனர்.

பயிற்சி மருத்துவர்க்கு வாரம் சராசரி 80 மணிக்கு மேல் வேலை கூடாதென அந்நாடெங்கும் விதி வந்தது 2003இலேதான். வரம்பே இதுவெனின், வரம்பிலாக் காலம் எத்தகையதாயிருந்திருக்கும்!

நோயாளியைக் காக்க உழைத்தல் உயர்ந்த அறம், ஐயமில்லை. கத்தி பிடிக்கும் கைக்கு நீண்ட பழக்கம் வேண்டுமென்பதும் மெய்யே. ஆயினும், ஒருவன் பொறுத்துக்கொள்கிறான் என்பதாலேயே அவன்மேற் சுமத்தப்பட்டது நியாயமாகிவிடாது. பொறுமை நற்குணம், சுமத்துவோன் தன் குறையை மறைக்க அதனைப் போர்வையாக்குதல் அறமன்று.

அன்பர்களே! போனவன் பெயரை ஏட்டில் அடிக்குமுன், அவன் ஏன் போனான் என்று கேட்பதே நீதியாகும்.