மூட்டைக்குக் காவல் இருப்பவருக்கு எப்போது தரிசனம்?

ஆடி பதினெட்டு நெருங்கினால் போதும், கொங்கு நாட்டு வீடுகளில் கொடுமுடிப் பேச்சு எழுந்துவிடும். காவிரியில் ஒரு முழுக்குப் போட்டு, மகுடேஸ்வரரையும் வடிவுடைநாயகியையும், அதே கோயிலில் அருளும் வீரநாராயணப் பெருமாளையும், வன்னி மரத்தடி பிரம்மாவையும் கும்பிட்டால்தான் நமக்கு ஆடி நிறைந்த மாதிரி இருக்கும்.

ஆனால் புறப்படும்போது பாருங்கள்... மாற்றுப் புடவை, 'எதற்கும் இருக்கட்டும்' என்று ஒரு பட்டு, கட்டுசாதக் கூடை, ஜமக்காளம், குழந்தைக்கு நாலு செட் துணி. காரின் டிக்கி மூடாது!

படித்துறையில் இறங்கியதும் அத்தனைக்கும் ஒருவர் காவல் இருந்தாக வேண்டும். யார் இருப்பார்? வீட்டுப் பெரியம்மாதான். "நீங்க போயிட்டு வாங்க கண்ணு, நான் பையைப் பாத்துக்கறேன்" என்று மண்டபத்தில் உட்கார்ந்துவிடுவார். மற்றவர்கள் தரிசனம் முடித்துத் திரும்பும்போது நடை சாத்தியிருக்கும். கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு அவர் கார் ஏறுவார். அவரும் காவிரியை நினைத்துக்கொண்டுதானே வந்தார்?

மூட்டையால் அல்லல்பட்டவர்களில் சுந்தரமூர்த்தி நாயனாரும் உண்டு. சேரமான் பெருமாள் நாயனார் தந்த பொன்னையும் மணியையும் ஆட்கள் சுமந்துவர, அவிநாசிக்குப் பக்கத்தில் உள்ள திருமுருகன்பூண்டி வழியாக வந்தார். சிவபெருமானின் பூதகணங்களே வேடர் வடிவில் வந்து அத்தனையையும் பறித்துக்கொண்டன! சுந்தரர் விடுவாரா? கோயிலுக்குப் போய் சுவாமியிடமே சண்டை பிடித்துப் பதிகம் பாடினார். பொருள் திரும்பக் கிடைத்தது. ஆகவே பொருளே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை.

அதே சுந்தரர் கொடுமுடியில் பாடியதுதான் நமச்சிவாயத் திருப்பதிகம். தாம் மறந்துபோனாலும் தம் நாக்கு ஐந்தெழுத்தை மறக்காது என்கிறார். அந்த ஐந்தெழுத்தை எந்த வேடரும் பறிக்க முடியாது. மண்டபத்தில் வைத்துவிட்டுப் போகவும் வேண்டாம், காவலுக்கு ஆளும் வேண்டாம்.

ஆளுக்கு ஒரு தோள்பை போதும், சகோதரிகளே. சீக்கிரம் உலரும் புடவை ஒன்று, துண்டு, ஈரத்துணி வைக்க ஓர் உறை. தேங்காய், பழம், பூ எல்லாம் கோயில் வாசலிலேயே கிடைக்கும். நகைகள் வீட்டிலேயே இருக்கட்டும். ஈரோடு - கரூர் ரயிலில் வந்தால் கொடுமுடி ஸ்டேஷனில் இறங்கி நடந்தே கோயிலுக்குப் போய்விடலாம், பை சின்னதாக இருந்தால்!

பரிகாரம் செய்தவர்கள் உடுத்திய துணியை ஆற்றோடு விடுகிறார்கள். அப்படிச் சுமையைக் குறைக்காதீர்கள். அடுத்து முழுக்குப் போட வருபவர் காலைத்தான் அது சுற்றும்.

பங்குனி உத்திரத்துக்குப் பழநி செல்பவர்கள் இங்கிருந்துதான் தீர்த்தக் காவடி எடுக்கிறார்கள். காவிரி நீரில் வன்னி இலையை இட்டால் கெடாது என்பது நம்பிக்கை. அந்தத் தீர்த்தத்தைத் தோளில் சுமந்து, பழநி வரை நடந்தே போகிறார்கள்.

இந்த முறை பெரியம்மாவின் கையைப் பிடித்து அவரையே முதலில் அம்மன் சந்நிதிக்கு அழைத்துப் போங்கள். உங்கள் பையில் ஒரு சின்னச் செம்புக்கு மட்டும் இடம் விட்டு வையுங்கள். கால் வலியால் வரமுடியாமல் வீட்டில் இருக்கும் மாமியாருக்குக் காவிரித் தீர்த்தம் கொண்டுபோக வேண்டுமே!