திரையை விலக்கும் கை

அரியலூரில் நாம் சிறுவராய் இருந்த காலம். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் கூடியமர்ந்து, குறுந்தட்டில் ஓடிய ஆங்கிலப் படமொன்றைக் கண்டோம். இங்கிலாந்தின் ஹாமர் நிறுவனம் 1958இல் வெளியிட்ட 'டிராகுலா' அது. நெடிய உருவம், கரிய மேலங்கி, சிவந்த விழிகள், உதட்டோரம் வழியும் குருதி! கிறிஸ்டோபர் லீ அந்த வேடத்தில் தோன்றியதும் நம் நா வறண்டது. அன்றிரவு போர்வைக்குள் புகுந்து, கழுத்தைக் கையால் மூடிக்கொண்டே கிடந்தோம்.

பாட்டியிடம் சொன்னோம். "அது வேற யாரு? நம்ம ரத்தக்காட்டேரிதான்!" என்றார் அவர். போதாதா? கடல் கடந்த கோட்டையில் வாழ்ந்த பிரபு, ஒரே நொடியில் நம் தெருக்கோடிப் புளியமரத்தில் குடியேறிவிட்டான்! பல மாதம் அந்த மரத்தடியில் இருட்டியபின் நாம் நடந்ததில்லை.

ஆண்டுகள் உருண்டன. கல்லூரி சென்றோம், பட்டம் பெற்றோம், பெரம்பலூர்ப் பக்கத்துச் சிற்றூர்ப் பள்ளியில் ஆசிரியப் பணி ஏற்றோம். ஒரு கோடை விடுமுறையில் நண்பர்கள் நால்வரோடு அதே படத்தை மீண்டும் கண்டோம். அச்சம் வரவில்லை, சிரிப்பு வந்தது! குருதி, சாயமென்று தெரிந்தது. கோட்டை, அட்டையும் பலகையும் என்று தெரிந்தது. படத்தில் ஓர் அங்குலமும் மாறவில்லை, மாறியவர்கள் நாம். அப்படியானால் அந்த அச்சம் திரையில் இருந்ததன்று. அறியாத நம் நெஞ்சிலே இருந்தது! பெருமிதத்தோடு எழுந்தோம். பகுத்தறிவு வென்றது என்று மார்தட்டினோம்.

அந்தப் பெருமிதம் பள்ளி திறக்கும்வரைதான் நிலைத்தது.

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தொடர்ந்து பள்ளிக்கு வரவில்லை. வீடு தேடிச் சென்றோம். பருத்திக் காட்டிலும் மக்காச்சோளக் கொல்லையிலும் கூலி வேலை செய்யும் குடும்பம். சிறுமி வெளிறிய முகத்தோடு திண்ணையில் கிடந்தாள். கையில் கறுப்புக் கயிறு. தாய் சொன்னார்: "காட்டேரி அடிச்சிருச்சு சார். ரத்தத்தையெல்லாம் உறிஞ்சிருச்சாம். பூசாரி கயிறு கட்டியிருக்காரு."

சிரிக்க முடியவில்லை. நாம் கண்டு நகைத்த படம், அந்தத் திண்ணையில் உண்மையாகவே ஓடிக்கொண்டிருந்தது!

மன்றாடி, ஆரம்பச் சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் சென்றோம். குருதியில் ஹீமோகுளோபின் 12 கிராமாவது இருக்கவேண்டிய வயதில், அவளுக்கு இருந்தது 7. மலத்தைச் சோதித்தபோது கொக்கிப்புழுவின் முட்டைகள் தென்பட்டன.

தோழர்களே! தாய் சொன்னதில் பாதி உண்மை. குருதியை உறிஞ்சும் ஒன்று அந்தப் பெண்ணைப் பற்றித்தான் இருந்தது. ஆனால் அது புளியமரத்தில் இல்லை; குடலில் இருந்தது. மலம் கலந்த ஈரமண்ணில் கொக்கிப்புழுவின் இளம்புழு காத்திருக்கிறது. செருப்பில்லாத கால் பட்டதும் தோலைத் துளைத்து நுழைகிறது. குருதியோடு நுரையீரலுக்குச் சென்று, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலை அடைகிறது. அங்கே சுவரைக் கவ்விக்கொண்டு நாள்தோறும் குருதி குடிக்கிறது. நீளம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். மேலங்கி இல்லை, கோட்டை இல்லை. ஏழையின் வெறுங்காலே அதற்குக் கதவு!

காரணம் அறியாதபோது காட்டேரி பிறக்கிறது. இது நம் நாட்டு மடமை மட்டுமன்று. மொராவியாவில் பிணங்களைத் தோண்டிச் சிதைக்கும் கொடுமை மூண்டபோது, ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரசா, மருத்துவர் வான் ஸ்வீட்டனின் ஆய்வைக் கேட்டு, 1755இல் அதற்குத் தடை விதித்தார். அதற்கு 137 ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில், எக்சிடர் என்னும் ஊரில் நடந்ததென்ன? காசநோய்க்குத் தாயையும் தமக்கையையும் பறிகொடுத்த மெர்சி பிரவுன் என்ற 19 வயதுப் பெண், 1892 சனவரியில் அதே நோயால் இறந்தாள். அண்ணனும் நோயில் வீழ்ந்திருந்தான். இறந்தவளே இவன் உயிரை உறிஞ்சுகிறாள் என்றனர் ஊரார். மார்ச்சில் பிணத்தை வெளியே எடுத்தனர். பனிக்காலக் குளிரில் கெடாதிருந்த உடலையும், நெஞ்சில் இருந்த குருதியையும் சான்றாகக் கொண்டு, இதயத்தை எரித்துச் சாம்பலை நீரில் கலந்து அண்ணனுக்குப் புகட்டினர். இரண்டு மாதத்திற்குள் அவனும் மாண்டான்.

காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் உலகுக்கு அறிவித்தது 1882இல்! அறிவு பிறந்து பத்தாண்டுகள் ஆகியிருந்தன. எக்சிடருக்கு அது போய்ச் சேரவில்லை. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேர் குருதிச் சோகை உற்றவர் என்கிறது. புழு மட்டுமன்று, சத்தில்லாச் சோறும் அதற்குக் காரணம். இரும்புச்சத்து மாத்திரை இருக்கிறது. பள்ளிகளில் குடற்புழு நீக்க மாத்திரை தரும் நாளும் இருக்கிறது. ஆனால் ஏன் தருகிறோம் என்று நாம் எத்தனை தாய்மாரிடம் சொன்னோம்?

மாத்திரை உண்டு, சில மாதங்களில் அந்த மாணவி தேறினாள். வகுப்பில் கொக்கிப்புழுவின் படத்தைக் காட்டி விளக்கினோம். அனைவரும் சென்றபின் அவள் தயங்கி நின்று கேட்டாள்: "அப்படின்னா எங்க அம்மா முட்டாளா சார்?"

என்ன விடை சொல்வது? ஆம் என்றால் அறிவின் பெயரால் ஒரு தாயைப் பழித்தவராவோம். இல்லை என்றால் கயிறு காத்தது என்றாகிவிடும்.

"இல்லையம்மா. உன்னைக் காக்கத் துடித்தார். தெரிந்த வழி அது ஒன்றுதான். சரியான வழியை அவருக்குச் சொல்லாதது எங்கள் குற்றம்," என்றோம். சொன்னபின்தான் அது உண்மையென நமக்கே உறைத்தது. பூசாரி அவர் வீட்டுக்கு நம்மைவிட முன்னே போய்விட்டார்; அவ்வளவுதான்! நாமோ நண்பர்களோடு அமர்ந்து, அறியாமையைக் கண்டு நகைத்துக்கொண்டிருந்தோம்.

அச்சப்படுவது குற்றமன்று. அச்சத்தை விற்றுப் பிழைப்பது குற்றம். அச்சத்தை வென்றவன், அஞ்சுகிறவனை எள்ளிவிட்டு ஒதுங்கிப் போவதும் குற்றமே!

1897இல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய நாவலில் டிராகுலா பகலிலும் நடமாடுவான். கதிரொளி பட்டு மாய்வது, 1922இல் வந்த 'நோஸ்பெராட்டு' என்னும் ஜெர்மானிய ஊமைப்படம் தந்த புதுமை. 1958ஆம் ஆண்டுப் படத்தின் முடிவிலும் அதுதான். கதிரவன் வெளியே காய்ந்துகொண்டுதான் இருந்தான், அறைக்குள் இருள். ஒருவன் பாய்ந்து சென்று சாளரத்தின் திரையைக் கிழித்தான், ஒளி பாய்ந்தது, காட்டேரி சாம்பலானது.

சிறுவயதில் அந்தச் சாம்பலைப் பார்த்தோம். வளர்ந்தபின் சாயத்தைப் பார்த்தோம். இன்று நாம் பார்ப்பது அந்தக் கையை!

ஒளி எங்கும் உண்டு, தோழர்களே. அது தானாக எந்தக் குடிசைக்குள்ளும் நுழைந்துவிடாது. திரையை விலக்க ஒரு கை வேண்டும். அது நம் கையாகட்டும்!